இடம் மாறிய மச்சம்

ஒரு வாலிபனின் இடது கன்னத்து மச்சத்தைக் கத்தி வைக்காமல், மருந்து போடாமல் வலது கன்னத்துக்கு மாற்றியவள் நான். டாக்டர் இல்லை. பத்தாங் பெர்ஜுந்தையில் டி-ஷர்ட் அச்சடிக்கும் கடை வைத்திருக்கிறேன். முப்பது வருடங்களுக்கு மேல் ஸ்கிரீன் பிரிண்டிங் செய்த கை இது. கோயில் திருவிழா, மாதாகோவில் திருநாள், தமிழ்ப்பள்ளி விளையாட்டுப் போட்டி, எஸ்டேட் பந்துக் குழு என்று இந்த வட்டாரத்தில் யார் முதுகில் என்ன எழுதியிருந்தாலும் அதில் பாதி என் கைவேலையாக இருக்கும். அவ்வளவு உழைத்தும் வராத பேர், ஒரே ஒரு தப்பினால் வந்தது. இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்கள் அந்தத் தப்பைச் செய்யக்கூடாது என்பதற்காக இதை எழுதுகிறேன்.

1. எழுத்து இல்லாத ஃபிலிம்

ஒரு வியாழக்கிழமை காலை நசீர் என் கடைக்குள் ஓடி வந்தார். எங்கள் கடை வரிசையின் கோடியில் இருக்கும் சாப்பாட்டுக் கடை அவருடையது. தாத்தா காலத்திலேயே தமிழ்நாட்டுக் கடற்கரை ஊரிலிருந்து வந்து கல்லாவில் உட்கார்ந்துவிட்ட குடும்பம். சாதாரணமாக நசீர் ஓடமாட்டார். கடன் கேட்கிறவர்களைக் கண்டால்கூட மெதுவாகத்தான் நடப்பார்.

"மேரியக்கா, முந்நூறு டி-ஷர்ட். சனிக்கிழம காலையில வேணும்."

"எந்த சனிக்கிழம?"

"நாளான்னிக்கு லா, அக்கா."

"கல்யாணத்துக்கே ஒரு வாரம் டைம் குடுப்பாங்க. அப்படி என்ன தல போற காரியம்?"

"சாவிட் சரண், அக்கா! பத்தாங் காலியில ஷோ!" என்றார். சொல்லும்போது குரல் நடுங்கியது. மூன்று பிள்ளைகளுக்குத் தகப்பன்.

சாவிட் சரண் யார் என்று அப்போதுதான் கேட்டுத் தெரிந்துகொண்டேன். சாவிட் என்றால் மலாயில் செம்பனை. இயற்பெயர் சரண்ராஜ். எங்கள் ஊரிலிருந்து பத்து நிமிடத் தூரத்தில் உள்ள செம்பனைத் தோட்டத்துப் பையன். குலை ஏற்றும் லோரி ஓட்டிக்கொண்டிருந்தான். ஒருநாள் அவன் மோட்டார் சைக்கிள் தோட்டத்துச் செம்மண் சாலையில் நின்றுபோக, தள்ளிக்கொண்டே ஒரு பாட்டுப் பாடி, கைப்பேசியில் படம் பிடித்துப் போட்டுவிட்டான். 'மோட்டார் ரோசாக், மாமா மனசும் ரோசாக்.' பாட்டில் மொத்தமே இவ்வளவுதான். இதையே பதினெட்டுத் தடவை வேறு வேறு ராகத்தில் பாடுவான். ரோசாக் என்றால் கெட்டுப்போனது. முதல் தடவை கேட்டபோது, ப்ளக் மாற்றினால் சரியாகிவிடும் என்றுதான் எனக்குத் தோன்றியது. ஆனால் பாலர் பள்ளிக் குழந்தையிலிருந்து போஸ்ட் ஆபீஸ் கிளார்க் வரை எல்லோர் வாயிலும் அந்தப் பாட்டு ஏறி உட்கார்ந்துவிட்டது. நசீர் 'சாவிட் சேனை' என்று ரசிகர் மன்றமே ஆரம்பித்துவிட்டார். தலைவர் அவர். செயலாளர் அவர் கடைக் காசாளர். தலைமையகம் தே தாரிக் டீ ஆற்றும் இடத்துக்குப் பக்கத்து மேசை.

சரணின் படம் ஒன்றைக் கொடுத்தார். சிரித்த முகம். இடது கன்னத்தில் மிளகு அளவுக்கு ஒரு மச்சம்.

இனி தொழில் விஷயம். கவனமாகப் படியுங்கள். ஒவ்வொரு வண்ணத்துக்கும் ஒரு ஸ்கிரீன், அதாவது சட்டத்தில் இழுத்துக் கட்டிய வலைத்துணி. முகம் கறுப்பு, அது ஒரு ஸ்கிரீன். 'சாவிட் சேனை' என்ற எழுத்து மஞ்சள், அது இன்னொன்று. படத்தை முதலில் கண்ணாடி போன்ற ஃபிலிமில் எடுக்க வேண்டும். அதை மருந்து தடவிய ஸ்கிரீன்மேல் வைத்து விளக்குப் பெட்டியில் வெளிச்சம் காட்டினால் படம் வலையில் இறங்கும். ஃபிலிமைத் திருப்பி வைத்தால் படமும் திரும்பித்தான் இறங்கும். எழுத்து திரும்பினால் உடனே தெரிந்துவிடும். முகம் திரும்பினால் தெரியாது.

எனக்குத் தொழில் சொல்லிக் கொடுத்த சீன முதலாளி, எங்கள் தவுக்கே, இதற்கு ஒரு வழி வைத்திருந்தார். எழுத்து இல்லாத படமாக இருந்தால் ஃபிலிமின் ஓரத்தில் மையால் ஓர் எழுத்தைக் கிறுக்கி வைக்கச் சொல்வார். "முகத்துக்கு முன்னால பின்னால தெரியாது, எழுத்துக்குத் தெரியும்" என்பதை அவர் பாதி மலாயிலும் பாதி கைஜாடையிலும் விளக்குவார். முப்பது வருடங்களாக நான் அதை மறந்ததே கிடையாது.

அந்த வியாழக்கிழமை மறந்தேன். முந்நூறு சட்டை, இரண்டு நாள், பக்கத்தில் நின்று 'மோட்டார் ரோசாக்' பாடும் ரசிகர் மன்றத் தலைவர். மறக்காமல் என்ன செய்வது?

2. கிஸ்மிஸ்

சனிக்கிழமை காலை சட்டைகள் போய்ச் சேர்ந்தன. ஒருவருக்கும் ஒன்றும் தெரியவில்லை. கைப்பேசி வீடியோக்களில் அவன் முகம் சிலதில் இப்படியும் சிலதில் அப்படியும் இருந்ததால், மச்சம் எந்தப் பக்கம் என்று யாரும் அதுவரை யோசித்ததே இல்லை. யோசிக்க வைத்தது என் சட்டைதான்.

அடுத்த வாரம் பள்ளிக்கூடம் விட்டுப் போகும் பெண்கள் வலது கன்னத்தில் மை பென்சிலால் மச்சம் வைத்துக்கொண்டு போவதைப் பார்த்தேன். அதற்கடுத்த வாரம் பையன்களும் வைத்துக்கொண்டார்கள். முடி திருத்தும் கடையில் முடி வெட்டினால் மச்சம் இலவசம். நசீர் தன் பங்குக்கு 'சரண் ரொட்டி' என்று ஒன்றைக் கொண்டுவந்தார். வட்டமான ரொட்டியில் வலது ஓரமாக ஒரே ஒரு உலர்திராட்சை, அதாவது கிஸ்மிஸ். அந்தக் கிஸ்மிஸுக்காகச் சாதா ரொட்டியைவிட ஒரு வெள்ளி அதிகம். கோலசிலாங்கூரிலிருந்தெல்லாம் காரில் வந்து, தின்பதற்கு முன்னால் படம் எடுத்துக்கொண்டு போனார்கள்.

எனக்கும் சந்தோஷம்தான். மறுபடி சட்டை, தொப்பி, துணிப்பை என்று வேலை வந்துகொண்டே இருந்தது.

பிறகு ஒருநாள் சரணே நன்றி சொல்ல வந்தான். ஹெல்மெட்டைக் கழற்றினான். நல்ல பையன், கூச்ச சுபாவம். நான் அவன் முகத்தைப் பார்த்தேன், அவன் போட்டிருந்த என் சட்டையின் மார்பில் இருந்த முகத்தைப் பார்த்தேன். மறுபடியும் முகத்தைப் பார்த்தேன். ஃபிலிமைத் திருப்பி வைத்திருக்கிறேன் என்பது அப்போதுதான் தெரிந்தது.

"அக்கா, ஒன்னு சொல்லணும்" என்றான் அவன். என் உயிர் போய் வந்தது. "இது வரைக்கும் என்னைய எவ்வளவோ போட்டோ எடுத்திருக்காங்க. எதுலயும் நான் நானா இருக்க மாட்டேன். இந்தச் சட்டையிலதான் கரெக்டா இருக்கேன். கண்ணாடியில பாக்குற மாதிரியே இருக்கு, அக்கா!"

இருக்காதா பின்னே? கண்ணாடி செய்கிற வேலையைத்தானே நானும் செய்திருந்தேன். சிரித்து, ஒரு மைலோ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டேன். அன்றைக்குச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

3. எது ஒரிஜினல்

பிறகு ஒரு குளிர்பானக் கம்பெனி வந்தது. பெயர் வேண்டாம். கோலாலம்பூரிலிருந்து மார்க்கெட்டிங் பெண் ஒருத்தி சரணையும் அழைத்துக்கொண்டு நேரே என் கடைக்கு வந்தாள். தமிழ்ப் பிள்ளைதான், ஆனால் பத்து வார்த்தைக்கு ஏழு இங்கிலீஷ். கம்பெனி கோலசிலாங்கூர் பாடாங்கில், அதாவது ஊர்த் திடலில், பெரிய ஷோ நடத்தப் போகிறதாம். டின்னில் சரண் முகம், பேனரில் சரண் முகம், இரண்டாயிரம் டி-ஷர்ட்டில் சரண் முகம். சட்டை என் பொறுப்பு.

"ஆன்ட்டி, சேம் டிசைன்தான். ஆனா ஒரு சின்ன இஷ்யூ" என்றாள். சரணின் தாடையைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினாள். "இவரோட மச்சம் ராங் சைட்ல இருக்கு."

நான் மேசைமேல் இருந்த துணியை மடிக்கத் தொடங்கினேன். அவள் தொடர்ந்தாள்.

"ஃபேன்ஸ் எல்லாரும் ரைட் சைட்ல வச்சிருக்காங்க. ரொட்டியிலகூட ரைட் சைட்ல. சோ, ஷோ அன்னிக்கு மேக்கப்ல இத மறைச்சிட்டு அந்தப் பக்கம் போட்டுடுவோம்."

"ஏம்மா, ஒரிஜினல் இவரு இல்லயா?" என்று கேட்டேன்.

"இவரு ஆர்ட்டிஸ்ட், ஆன்ட்டி. ஒரிஜினல் இந்தச் சட்டை."

சரணைப் பார்த்தேன். அவன் தோளைக் குலுக்கினான். "பரவால லா, அக்கா. தோட்டத்துல கொல ஏத்துனப்ப ஹெல்மெட் போடச் சொன்னாங்க, போட்டேன். இப்ப மச்சம் போடச் சொல்றாங்க."

'அம்மா, இது என் தப்பு. ஃபிலிமைத் திருப்பி வைத்துவிட்டேன்' என்று சொல்ல எனக்கு அரை நிமிடம் போதும். ஆனால் இரண்டாயிரம் சட்டை கண்ணுக்கு முன்னால் நின்றது. ஊரில் இத்தனை வருடமாகக் காப்பாற்றிய தொழில் மரியாதையும் நின்றது. வாயை மூடிக்கொண்டேன். வெட்கமாகத்தான் இருக்கிறது, இருந்தாலும் எழுதிவிடுகிறேன்.

4. ஒரே ஒரு சட்டை

ஷோவுக்கு நான்கு நாள் இருக்கும்போது ஓர் அம்மா பஸ் பிடித்து வந்து கடையில் ஏறினார். தோட்டத்தில் உதிரிச் செம்பனைப் பழம் பொறுக்குகிறவர் என்பது விரல் நகங்களைப் பார்த்தாலே தெரிந்தது. மூக்குத்தி பளபளவென்று இருந்தது. பையிலிருந்து சரண் சட்டையை எடுத்து மேசைமேல் விரித்தார்.

"துணி நல்லாருக்கு. சாயமும் நல்லாருக்கு. ஆனா இது யாரு?"

"சாவிட் சரண், அக்கா."

"சரண பெத்தவ நான். பேரு லெட்சுமி. இது என் புள்ள இல்லயே."

உட்காரச் சொன்னேன். அவர் உட்காரவில்லை.

"அவன் மச்சம் எடது கன்னம். எடது கையில போட்டுப் பால் குடுக்கயில மேல தெரியுற கன்னம் அது. ரெண்டு வருசம் அதப் பாத்துக்கிட்டுத்தான பால் குடுத்தேன்! அவன்கிட்ட சொன்னா, கரெக்டாத்தாம்மா இருக்குங்கறான். ஊர்ல எல்லாரும் கரெக்டுங்கறாங்க. எனக்குத்தான் கண்ணு கெட்டுப் போச்சோன்னு கிளினிக்குக்கு வேற போயிட்டு வந்தேன்."

இத்தனை நாள் என்னால் முடியாதது அந்தக் கிளினிக் என்ற வார்த்தையில் முடிந்துவிட்டது. என் தப்புக்காக ஒரு தாய் தன் கண்ணைச் சோதித்துக்கொண்டு வந்திருக்கிறாள்.

"உங்க கண்ணுக்கு ஒன்னுமில்லக்கா. நாந்தான் ஃபிலிமைத் திருப்பி வச்சுட்டேன். தெரிஞ்சும் யார்கிட்டயும் சொல்லல."

அடிப்பார் என்று நினைத்தேன். அவர் கேட்டது வேறு. "அப்ப நான் சொன்னது சரிதான?"

"சரிதாங்க்கா."

"அது போதும். இத்தன நாள்ல அவன் பாடி நான் ஒரு மேடையும் பாத்ததில்ல. வேலை விட்டு வரவே முடியாது. இந்த ஞாயித்துக்கிழம போறேன். என் புள்ள மூஞ்சி போட்ட சட்டையா ஒன்னு அடிச்சுக் குடு, தங்கச்சி."

ஒரே ஒரு சட்டைக்காக ஒரு புது ஸ்கிரீன் போட்டேன். எந்த வியாபாரியும் செய்யமாட்டான். ஃபிலிமின் ஓரத்தில் 'அ' என்று எழுதி, மூன்று தடவை திருப்பிப் பார்த்துத்தான் விளக்குப் பெட்டியில் வைத்தேன். லெட்சுமியக்கா மை காயும் வரை நின்றிருந்தார். காய்ந்ததும் மச்சத்தின்மேல் விரலை வைத்துப் பார்த்தார். மச்சம் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது. கம்பெனிக்காரியிடம் ஷோ முடிந்ததும் சொல்லிவிடுவது என்று நான் முடிவு செய்துகொண்டேன். அதுவரைகூடப் பொறுக்கவில்லை விஷயம்.

5. ஏற்கெனவே போன இரண்டு அம்மாக்கள்

ஞாயிறு சாயங்காலம் நானும் லெட்சுமியக்காவும் சேர்ந்துதான் போனோம். சேலைக்கு மேல் டி-ஷர்ட் போட்டிருந்தார். மேடைக்கு முன்னால் ஒரு தடுப்பு. ஒரிஜினல் சட்டை போட்டவர்களுக்கு மட்டும் உள்ளே இடம். வாசலில் சாவிட் சேனைப் பெண்கள் இருவர், வலது கன்னத்தில் மச்சத்தோடு நின்றார்கள்.

"ஆன்ட்டி, நில்லுங்க. இது சிப்லாக் சட்டை."

சிப்லாக் என்றால் திருட்டுப் பதிப்பு. லெட்சுமியக்கா சட்டையைக் குனிந்து பார்த்தார்.

"ஒரிஜினல்ல மச்சம் இங்க இருக்கும், ஆன்ட்டி" என்று அந்தப் பெண் தன் கன்னத்தைக் காட்டிப் பொறுமையாக விளக்கினாள். "உங்கள யாரோ ஏமாத்திட்டாங்க. பாசார் மாலாம் ராத்திரிக் கடையில வாங்குனீங்களா?"

"நான் அவனப் பெத்தவம்மா!"

"எல்லாரும் அப்படித்தான் ஆன்ட்டி சொல்றாங்க. ஏற்கெனவே ரெண்டு அம்மா உள்ள போயிட்டாங்க."

லெட்சுமியக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். கோபமே இல்லாத பார்வை. கோபமாகப் பார்த்திருந்தால் நான் தாங்கியிருப்பேன். நசீரைக் கூப்பிடச் சொன்னேன். வாக்கி-டாக்கியோடு வந்தார். சட்டையைப் பார்த்ததும் முகம் கறுத்துவிட்டது.

"மேரியக்கா, நீங்களே சிப்லாக் அடிக்கிறீங்களா?"

சுற்றி ஐம்பது அறுபது பேர் கூடிவிட்டார்கள். இனி ஒளிய இடமில்லை. உரக்கவே சொன்னேன்: "இந்த ஒன்னுதான் ஒரிஜினல், நசீர். நீங்க எல்லாரும் போட்டிருக்கிறதுதான் சிப்லாக். மொத நாளே ஃபிலிமைத் திருப்பி வச்சுட்டேன். சரணுக்கு மச்சம் எடது கன்னத்துல. இவங்கதான் அவன் அம்மா. உள்ள விடுங்க."

வாசலில் நின்ற பெண் தன் கன்னத்தை மெதுவாகக் கையால் மூடிக்கொண்டாள். நசீர் வாக்கி-டாக்கியைக் கீழே இறக்கினார்.

"அப்ப என் கிஸ்மிஸ்?" என்றார்.

6. மூஞ்சி கழுவுதல்

முதல் வரிசையில் இடம் கிடைத்தது. சரண் மேடைக்கு வந்தான். திடலே எழுந்து கத்தியது. இடது கன்னம் பவுடர் பூசி மழமழவென்று இருந்தது. வலது கன்னத்தில் புளியங்கொட்டை அளவுக்கு ஒரு மச்சம். தூரத்தில் இருப்பவர்களுக்கும் தெரிய வேண்டுமாம். இரண்டாவது தடவை 'மோட்டார் ரோசாக்' பாடும்போது அம்மாவைப் பார்த்துவிட்டான். பாட்டை விட்டுவிட்டு, மைக்கோடு மேடை விளிம்புக்கு வந்து மண்டியிட்டுக் குனிந்தான். ஆசீர்வாதம் வாங்கத்தான்.

லெட்சுமியக்கா அவன் தலையைத் தொடவில்லை. தாடையைப் பிடித்தார். முந்தானை ஓரத்தை நாக்கில் நனைத்தார். மைக் அவர் வாய்க்கு நேராக இருந்ததால் திடல் முழுக்கக் கேட்டது:

"என்னாடா இது? மூஞ்சி கழுவாமயா வந்த?"

வலது கன்னத்தை அழுத்தித் துடைத்தார். மை கரைந்து காதுவரை போனது. அதையும் துடைத்தார். பிறகு இடது கன்னத்தின் பவுடரைத் துடைத்தார். மிளகு அளவு மச்சம் வெளியே வந்தது. சரண் அவ்வளவு நேரமும் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும் பிள்ளையைப் போல முகத்தைக் கொடுத்துக்கொண்டிருந்தான். எனக்கு அழுகை வந்துவிட்டது. பக்கத்தில் நின்ற மார்க்கெட்டிங் பெண்ணுக்கும் வந்தது, அவள் வேறு காரணத்துக்காக அழுதாள்.

பிறகு திடல் இடிந்து விழுவதுபோல ஒரு சத்தம். ஐயாயிரம் கைகள் வலது கன்னங்களைத் தேய்த்தன.

முடிந்தது என் கடை என்று நினைத்தேன். இந்த ரசிகர்களை எனக்கு அப்போதும் சரியாகத் தெரியவில்லை. அன்று ராத்திரிக்குள் அந்த வீடியோ நாடெங்கும் போய்விட்டது. மறுவாரம் அதே மார்க்கெட்டிங் பெண் சிரித்த முகத்தோடு வந்தாள். 'மூஞ்சி கழுவாமயா வந்த?' என்று எழுதி மூவாயிரம் சட்டை வேண்டுமாம். டின்னோடு ஈரத் துண்டு ஒன்று இலவசமாம். பழைய சட்டை வைத்திருந்தவர்கள் அதை அரிய சரக்கு என்று மூன்று மடங்கு விலைக்கு விற்றார்கள். நசீர் கிஸ்மிஸை இடது பக்கம் மாற்றினார். ரொட்டியைத் திருப்பி வைத்தாலே போதும் என்று நான் சொன்னதை அவர் ஏற்கவில்லை. என் தப்பை யாரும் மன்னிக்கவில்லை, மன்னிப்பதற்கு அவர்களுக்கு நேரமே இல்லை, அதையும் வாங்கிப் போட்டுக்கொண்டார்கள்.

புதிய சட்டையில் அம்மா மகன் முகத்தைத் துடைக்கும் படம். இந்தத் தடவை ஃபிலிம் ஓரத்தில் எழுத்து எழுதினேன். அது போதாதென்று, அச்சடிக்கும் முன் ஒரு மாதிரிச் சட்டையோடு லெட்சுமியக்காவையும் சரணையும் கடைக்குக் கூப்பிட்டேன்.

லெட்சுமியக்கா நெடுநேரம் பார்த்தார்.

"இவன் சரியா இருக்கான். ஆனா பக்கத்துல இது யாரு?"

"நீங்கதாங்க்கா!"

"நானா? என் மூக்குத்தி இந்தப் பக்கம்ல வரும்? நீ மறுபடியும் திருப்பி வச்சுட்ட, தங்கச்சி."

ஃபிலிமை எடுத்துப் பார்த்தேன். எழுத்து நேராகத்தான் இருந்தது. அவர் ஒத்துக்கொள்வதாக இல்லை. தினமும் கண்ணாடியில் பார்க்கிற முகம் எனக்குத் தெரியாதா என்றார். மகனும் அன்று என்னிடம் ஏறக்குறைய இதையேதான் சொன்னான்.

சரண் சட்டையை ஒரு பார்வைதான் பார்த்தான். அம்மாவைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கைப்பேசியை நோண்டிக்கொண்டே சொன்னான்: "சரியாத்தாம்மா இருக்கு. ஒனக்கு மூக்குத்தி அந்தப் பக்கந்தான். சோறு ஊட்டுறப்ப எனக்கு முன்னால மின்னிக்கிட்டே இருக்கும்ல."

லெட்சுமியக்கா தன் மூக்குத்தியைத் தொட்டுப் பார்த்தார். சட்டையை மடித்து என்னிடம் கொடுத்து, "அடி, தங்கச்சி" என்றார்.

ஆகவே, இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களே, எழுத்து இல்லாத ஃபிலிமின் ஓரத்தில் ஓர் எழுத்து எழுதிவையுங்கள். முகம் சரியாக இருக்கிறதா என்று அந்த முகத்துக்காரரிடம் மட்டும் கேட்காதீர்கள். ஐயாயிரம் ரசிகர்களிடமும் கேட்க வேண்டாம். அவரோடு உட்கார்ந்து சோறு சாப்பிடுகிற ஒருவரைத் தேடிப் பிடித்துக் கேளுங்கள்.